சம்பளத்தை உயர்த்தலாமா என்று மக்களைக் கேட்கும் நெப்ராஸ்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சட்டமன்ற உறுப்பினருக்கு மாதச் சம்பளம் 1,000 டாலர். 1988இல் மக்கள் வாக்களித்து நிர்ணயித்த தொகை அது. 2012 நவம்பரில் அதை உயர்த்தலாமா என்று மறுபடியும் மக்களிடமே கேட்டார்கள். வேண்டாம் என்று பதில் வந்தது. இந்தச் செய்தியைக் கேள்விப்படுகிறவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றிரண்டு இடங்களில் என் கருத்தும் கலந்திருக்கும்.

மாதம் ஆயிரம் டாலர்தானா? படியைச் சம்பளம் என்று சொல்கிறீர்களோ?

இல்லை, முழுச் சம்பளமே அவ்வளவுதான். வருடத்துக்கு 12,000 டாலர். மாநில அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஏழாவது உட்பிரிவு இதைச் சொல்கிறது. மாதம் ஆயிரம் டாலருக்கு மேற்படாத சம்பளம், ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் வழக்கமான பாதையில் ஒரு முறை வந்துபோகும் பயணச் செலவு, இவற்றைத் தவிர வேறு ஊதியமோ சலுகையோ கிடையாது என்பது அதன் சாரம். அதனால் இந்தப் பதவிக்கு ஓய்வூதியமும் இல்லை.

அந்த ஆயிரமும் முழுதாகக் கைக்கு வராது. சமூகப் பாதுகாப்பு வரி, முதியோர் மருத்துவ வரி இரண்டும் சேர்ந்து 7.65 சதவீதம், அதாவது 76 டாலர் 50 சென்ட் பிடித்தம். மிச்சம் 923.50. வருமான வரி அதற்கப்புறம். கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலரில் ஒருவர் வருடம் முழுக்க வாரம் 40 மணி நேரம் உழைத்தால் 15,080 டாலர் சம்பாதிப்பார். சட்டம் இயற்றுகிறவருக்கு அதைவிடக் குறைவு.

அப்போ தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கைக்காசுதானா?

அப்படியும் இல்லை. கூட்டத்தொடர் நாட்களுக்குத் தினப்படி உண்டு. தலைநகர் லிங்கனிலிருந்து 50 மைலுக்கு அப்பால் வசிப்பவர்களுக்கு அதிகம், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குறைவு. ஆனால் அது செலவுக்கு ஈடாக வருவது, சேமிக்கிற பணம் இல்லை. லிங்கனில் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகிறவருக்கு ஊரில் இருக்கும் வீட்டுக் கடன் தவணை நின்றுவிடாது.

சம்பளத் தொகையை ஏன் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்?

இதற்கு 1934க்குப் போக வேண்டும். பொருளாதாரப் பெருமந்தம், வறட்சி, வங்கிகள் மூடல் என்று மாநிலமே தத்தளித்த நேரம். நெப்ராஸ்காவில் அப்போது இரண்டு அவைகள், மொத்தம் 133 உறுப்பினர்கள். இரண்டாவது அவை தண்டச் செலவு என்று ஜார்ஜ் நாரிஸ் என்ற மூத்த அரசியல்வாதி ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தார். வாஷிங்டனில் செனட்டராக இருந்தவர் அவர். ஒரே அவை, குறைந்த உறுப்பினர்கள், கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல் என்பது அவருடைய திட்டம். மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1937இல் 43 பேருடன் ஒற்றை அவை கூடியது. இன்று 49 பேர். ஒரே அவை இருந்தாலும் அவர்களைச் செனட்டர் என்றுதான் அழைக்கிறார்கள். இன்றும் அமெரிக்காவில் ஓரவைச் சட்டமன்றம் உள்ள ஒரே மாநிலம் இதுதான்.

செலவைக் குறைப்போம் என்று சொல்லி வாக்குக் கேட்டதால், செலவுக்கு ஒரு பூட்டும் போட வேண்டியிருந்தது. உறுப்பினர் அனைவருக்கும் சேர்த்து வருடத்துக்கு 37,500 டாலர் என்று அரசமைப்புச் சட்டத்தில் எழுதினார்கள். அதை 43 பேர் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 872 டாலர். பிறகு ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் மக்களிடம் போக வேண்டியதாயிற்று. 1960இல் மாதம் 200 டாலர், 1968இல் 400, 1988இல் 1,000. அதற்குப் பிறகு அந்தப் பூட்டு திறக்கவே இல்லை.

2012 வாக்கெடுப்பு எப்படி நடந்தது?

அரசமைப்புத் திருத்தத்தைப் பொதுத்தேர்தல் வாக்குச்சீட்டில் ஏற்ற 49 பேரில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 30 பேர் ஆதரிக்க வேண்டும். பொதுத்தேர்தலுக்கு முன் வேட்பாளர்களைப் பொறுக்கும் முதல்நிலைத் தேர்தலிலோ சிறப்புத் தேர்தலிலோ வைக்க வேண்டுமானால் ஐந்தில் நான்கு பங்கு. அந்த 30 பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. ‘தன் சம்பளத்தைத் தானே உயர்த்திக்கொள்ளப் பார்த்தவர்’ என்று அடுத்த தேர்தலில் எதிராளி நோட்டீஸ் அடிப்பார். மக்களிடம் கேட்கத்தானே வாக்களித்தேன் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் யார் காதில் வாங்குவார்கள்?

வாக்குச்சீட்டில் திருத்தத்தின் பக்கத்திலேயே ஒரு சின்ன விளக்கம் இருக்கும். ஆதரவாக வாக்களித்தால் என்ன மாறும், எதிராக வாக்களித்தால் எது அப்படியே இருக்கும் என்று இரண்டு வாக்கியம். 2012இல் கேட்கப்பட்டது, ஆண்டுச் சம்பளம் 12,000 டாலரிலிருந்து 22,500 ஆகலாமா என்பது. மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் எதிராகக் குத்தினார்கள். ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்குப் பதிலாக மூன்று முறை பதவியில் இருக்கலாமா என்ற இன்னொரு திருத்தமும் அதே சீட்டில் தோற்றது. வேட்டையாடுவதும் மீன்பிடிப்பதும் மக்களின் உரிமை என்ற திருத்தமோ அமோகமாக வென்றது. அந்த மூன்று முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் வாக்காளரின் மனநிலை புரியும்.

திருத்தம் நிறைவேறியிருந்தால் எவ்வளவு கூடுதல் செலவு?

ஒருவருக்கு 10,500 டாலர். 49 பேருக்கு 5,14,500. அன்றைய நெப்ராஸ்காவின் மக்கள்தொகை ஏறத்தாழ பதினெட்டரை லட்சம். தலைக்கு வருடத்துக்கு 28 சென்ட்.

22,500 என்பது ஒரேயடியாக ஏறக்குறைய இரட்டிப்பு ஆயிற்றே, பேராசை இல்லையா?

எண்ணை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1988இல் 12,000 டாலருக்கு வாங்கிய பொருளை 2012இல் வாங்க ஏறத்தாழ 23,000 டாலர் வேண்டியிருந்தது. கேட்டது அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதாவது அது உண்மையில் சம்பள உயர்வே இல்லை, விலைவாசி தின்றதைத் திருப்பிக் கேட்டது மட்டும்தான். இன்றைய விலையில் கணக்குப் போட்டால் 1988இன் 12,000 டாலர் 30,000ஐத் தாண்டிவிடும்.

தொகையை நேரடியாக அரசமைப்புச் சட்டத்தில் எழுதும் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் இதே பிரச்சினைதான். நம்மூரில் அரசு ஊழியருக்கு விலைவாசியோடு பஞ்சப்படி ஏறுகிறது. இவர்களுக்கு ஏறாது. பத்து இருபது வருடம் அப்படியே கிடந்துவிட்டு ஒருநாள் மொத்தமாகக் கேட்கும்போது ‘இரட்டிப்பாக்கப் பார்க்கிறார்கள்’ என்று தலைப்புச் செய்தி வரும். சிறிது சிறிதாகக் கேட்டிருந்தால் ஒவ்வொரு தேர்தலிலும் ‘மறுபடியுமா’ என்றிருப்பார்கள். எப்படிக் கேட்டாலும் மாட்டிக்கொள்கிற அமைப்பு.

நெப்ராஸ்கா மக்கள் கஞ்சர்களா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதே வாக்காளர்கள் 2014இல் குறைந்தபட்சக் கூலியை 7.25 டாலரிலிருந்து 9 டாலராக்க வாக்களித்தார்கள். 2022இல் அதைப் படிப்படியாக 2026க்குள் 15 டாலராக்கவும் வாக்களித்தார்கள். இரண்டு தீர்மானங்களும் சட்டமன்றம் கொண்டுவந்தவை இல்லை, மக்களே கையெழுத்து திரட்டி வாக்குச்சீட்டில் ஏற்றியவை. மணிக்கு 15 டாலர் என்றால் முழுநேர வேலைக்கு வருடம் 31,200. உணவகத்தில் பரிமாறுகிறவருக்கும் கிடங்கில் பெட்டி தூக்குகிறவருக்கும் கூலி உயர வேண்டும் என்று சொன்ன கைதான் சட்டமன்ற உறுப்பினருக்கு மட்டும் வேண்டாம் என்றது.

மறுத்தவர்களின் காரணங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. இது பகுதிநேர வேலை: ஒற்றைப்படை ஆண்டில் 90 நாள் அமர்வு, இரட்டைப்படை ஆண்டில் 60 நாள். சம்பளம் இவ்வளவுதான் என்று தெரிந்துதானே போட்டியிட்டார்கள் என்பது இன்னொரு வாதம். கேட்க எளிமையானது, மறுக்கக் கடினமானது. அரசியல் ஒரு பிழைப்பாகிவிடக் கூடாது என்பது பண்ணை வாழ்க்கையில் ஊறிய அந்தச் சமூகத்தின் பழைய நம்பிக்கை.

ஆனால் இவற்றைவிடப் பெரிய காரணம் கேள்வியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நர்ஸின் சம்பளம் போதுமா என்று கேட்டால், நமக்குத் தெரிந்த ஒரு நர்ஸை நினைத்துப் பதில் சொல்வோம். சட்டமன்ற உறுப்பினரின் சம்பளம் போதுமா என்று கேட்டால், ‘அரசியல்வாதிகளை உனக்குப் பிடிக்குமா’ என்று கேட்டதாகத்தான் காதில் விழும். சொத்து வரி ஏறிய கோபம், டிவியில் பார்த்த வாஷிங்டன் சண்டை, தன் தொகுதி உறுப்பினர் எப்போதோ போனை எடுக்காதது எல்லாம் அந்த ஒரு கட்டத்தில் வந்து இறங்கும்.

இந்தச் சம்பளத்தில் யார்தான் பதவிக்கு வருகிறார்கள்?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. மற்றதெல்லாம் சென்ட் கணக்கு.

மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் ஸ்காட்ஸ்பிளஃப் என்ற ஊர். அங்கிருந்து லிங்கனுக்கு ஏறத்தாழ 400 மைல், காரில் ஆறு மணி நேரம். கூட்டத்தொடர் ஜனவரியில் தொடங்கும். 90 நாள் அமர்வு என்றால் அது முடிய மே கடைசி, ஜூன் ஆரம்பம் ஆகிவிடும். மாட்டுப் பண்ணைகளில் கன்று ஈனும் காலம் பிப்ரவரி, மார்ச். பனியில் இரவு இரண்டு மணிக்குக் கொட்டகைக்குப் போய்ப் பார்க்க வேண்டிய காலம் அது. சோளம் விதைப்பது ஏப்ரல், மே. ஆக, பண்ணையில் ஆள் மிக வேண்டிய மாதங்களில்தான் செனட்டர் லிங்கனில் உட்கார்ந்திருக்க வேண்டும். பண்ணையைப் பார்த்துக்கொள்ள மகனோ தம்பியோ கூலியாளோ இருக்கிறவர் போகலாம். தனியாள் போக முடியாது.

நகரத்திலும் கதை வேறில்லை. ஒமஹாவில் பள்ளி ஆசிரியை ஒருவர் வருடா வருடம் ஜனவரியிலிருந்து விடுப்பு கேட்டால் எந்தப் பள்ளி தரும்? மருத்துவமனையில் ஷிஃப்ட் பார்க்கிறவர், கட்டுமான வேலைக்குப் போகிறவர், சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் தாய், யாராலும் முடியாது. மிஞ்சுகிறவர்கள் ஓய்வுபெற்றவர்கள், சொந்தத் தொழில் உள்ளவர்கள், வக்கீல்கள், நிலம் உள்ளவர்கள், சம்பாதிக்கும் துணை உள்ளவர்கள். இவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. எர்னி சேம்பர்ஸ் போன்ற விதிவிலக்குகளும் உண்டு. வடக்கு ஒமஹாவில் முடிதிருத்தும் கடையில் வேலை பார்த்தவர் அவர், மொத்தம் 46 ஆண்டுகள் அந்த அவையில் இருந்தார். ஆனால் விதிவிலக்கை வைத்துக்கொண்டு அவையை நிரப்ப முடியாது.

2000இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த பதவிக்கால வரம்பு இதை இன்னும் இறுக்கியது. நான்கு ஆண்டு வீதம் தொடர்ந்து இரண்டு முறை இருந்தால் அடுத்த நான்கு ஆண்டு வெளியே போக வேண்டும். சேம்பர்ஸும் அப்படி 2009இல் வெளியேறி 2013இல் திரும்பி வந்தவர்தான். எட்டு வருடத்துக்காகத் தன் வேலையை, பதவி உயர்வை, ஓய்வூதியச் சேமிப்பை விட்டுவிட்டு வர எத்தனை பேர் துணிவார்கள்?

லிங்கன் சட்டமன்றக் கட்டடத்தின் வடக்கு வாசலில், குடிமக்களின் விழிப்பில்தான் மாநிலத்தின் கதி இருக்கிறது என்ற பொருளில் ஒரு வாசகம் செதுக்கியிருக்கிறார்கள். செலவு விஷயத்தில் குடிமக்கள் விழிப்பாகத்தான் இருக்கிறார்கள். வேட்பாளர் பட்டியலில் யார் இல்லை என்பதை யாரும் அவ்வளவு கவனிப்பதில்லை.

மற்ற மாநிலங்களில் எப்படி?

நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டு வருடப் பதவிக்காலத்துக்கு மொத்தமாக 200 டாலர். 1889இலிருந்து மாறவில்லை. கீழவையில் மட்டும் 400 பேர் இருக்கிறார்கள் என்பதால் அங்கே இது கிட்டத்தட்ட ஊர்ச்சபை மாதிரி. நியூ மெக்ஸிகோ சம்பளமே தராமல் தினப்படியை வைத்து ஓட்டிவந்த மாநிலம்.

டெக்சஸ்தான் வேடிக்கை. 1975இலிருந்து மாதம் 600 டாலர். மாநிலத்தின் மிகச் செல்வாக்குள்ள பதவிகளில் ஒன்றான துணை ஆளுநருக்கும் அதே 600. ஆனால் தினப்படியை மாநில நெறிமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. 2023 கூட்டத்தொடரில் அது நாளுக்கு 221 டாலர். 140 நாள் அமர்வுக்கு 30,940. ஆண்டுச் சம்பளம் 7,200தான். அதோடு ஓய்வூதியத்தையும் பல காலம் அவர்கள் வாங்கும் சம்பளத்தை வைத்துக் கணக்கிடவில்லை, மாவட்ட நீதிபதியின் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டுவந்தார்கள். முன்வாசலை மக்கள் பூட்டினால் கொல்லைப்புறம் திறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அரிசோனாவில் 1998இல் மக்கள் சம்மதித்து 15,000ஐ 24,000 ஆக்கினார்கள். 2014இல் 35,000 கேட்டபோது முடியாது என்றார்கள். இடையில் கேட்டதற்கும் அதே பதில்தான்.

மக்கள் ‘சரி’ என்று சொன்ன இடமே இல்லையா?

உண்டு. அங்கே எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் சுவாரஸ்யம்.

ரோட் ஐலண்டில் 1994 வரை நாளுக்கு 5 டாலர், அதுவும் அதிகபட்சம் 60 நாளுக்கு. வருடத்துக்கு 300 டாலர். அந்த ஆண்டு மக்கள் முன் வைத்தது ஒரு பேரம். சம்பளம் 10,000 டாலராகும், விலைவாசியோடு ஏறும். பதிலுக்குப் புதிதாக வரும் உறுப்பினர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, 2003இலிருந்து அவை 150 பேரிலிருந்து 113 பேராகக் குறையும். நிறைவேறிவிட்டது.

அலபாமாவில் 2007இல் உறுப்பினர்கள் தாங்களே 62 சதவீதம் உயர்த்திக்கொண்டார்கள். ஆளுநர் ரத்து செய்தும் அதை மீறி நிறைவேற்றினார்கள். மக்கள் கொதித்தார்கள். 2012இல் வந்த திருத்தம், சம்பளத்தைத் தாங்களே தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பறித்து, மாநிலத்தின் இடைநிலைக் குடும்ப வருமானத்தோடு, அதாவது குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் வரும் குடும்பத்தின் வருமானத்தோடு, அதைக் கட்டிப்போட்டது. மக்கள் ஆமோதித்தார்கள். நெப்ராஸ்காவில் இரட்டிப்புக்கு மறுப்பு வந்த அதே நவம்பர் நாள்.

கலிபோர்னியாவில் 2009 மே மாதம், பட்ஜெட் நெருக்கடியில் ஆறு தீர்மானங்கள் வாக்குக்கு வந்தன. ஐந்து தோற்றன. வென்ற ஒன்று, பற்றாக்குறை ஆண்டில் உறுப்பினர்களுக்குச் சம்பள உயர்வு கூடாது என்பது.

இந்த மூன்றிலும் உறுப்பினர்கள் எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், அல்லது மக்கள் எதையோ பிடுங்கியிருக்கிறார்கள். 1988 நெப்ராஸ்காவும் 1998 அரிசோனாவும் இதில் அடங்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெறும் கையோடு வந்து ‘கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்’ என்பவருக்குப் பெரும்பாலும் கதவு திறப்பதில்லை.

மக்களைக் கேட்காமல் சட்டமன்றமே முடிவு செய்தால் பிரச்சினை தீராதா?

பென்சில்வேனியாவைக் கேளுங்கள். 2005 ஜூலை 7, அதிகாலை இரண்டு மணி வாக்கில், விவாதமே இல்லாமல் சம்பள உயர்வை நிறைவேற்றினார்கள். 16 சதவீதத்தில் தொடங்கிச் சிலருக்கு 34 வரை. நடப்புப் பதவிக்காலத்தில் சம்பளத்தை உயர்த்தக் கூடாது என்று அந்த மாநில அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. ரசீது கேட்காத ‘செலவுத்தொகை’ என்று பெயர் வைத்து உடனே வாங்கிக்கொள்ள வழி பண்ணினார்கள். மக்களின் ஆத்திரத்தில் அந்த நவம்பரிலேயே சட்டத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே மாதம் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், பதவியில் தொடரலாமா என்று மக்களைக் கேட்கும் வாக்கெடுப்பில் தோற்றார். அந்த மாநில வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. நீதிபதிகளுக்கும் அந்தச் சட்டத்தில் உயர்வு இருந்தது. மறுவருடத் தேர்தலில் பல பழைய தலைகள் உருண்டன.

நடுவழி எதுவும் இல்லையா?

வாஷிங்டன் மாநிலத்தில் 1986இலும் கலிபோர்னியாவில் 1990இலும் சம்பளத்தை நிர்ணயிக்கத் தனி ஆணையம் அமைக்க மக்கள் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அலபாமா வழி இன்னும் பிடிக்கும். அங்கே கோபத்தில் பிறந்த ஏற்பாடு என்றாலும், மாநிலத்தில் ஒரு சாதாரணக் குடும்பம் எவ்வளவு சம்பாதிக்கிறதோ அவ்வளவுதான் உனக்கும் என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. குடும்பங்களின் வருமானம் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். யாரும் யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம்.

சம்பளம் கூடினால் லஞ்சம் குறையுமா?

இதைச் சொல்லி வாக்குக் கேட்கக் கூடாது என்பது என் கருத்து. ‘அதிகம் கொடுக்காவிட்டால் திருடுவேன்’ என்று மிரட்டுவது போல ஒலிக்கும். நல்ல சம்பளம் தரும் மாநிலங்களிலும் ஜெயிலுக்குப் போன உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

என் மாநிலத்தில் இப்படி ஒரு வாக்கெடுப்பு வந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், உயர்வு இப்போது பதவியில் இருப்பவர்களுக்கா, அடுத்து வருகிறவர்களுக்கா என்று பாருங்கள். இது பெரும்பாலும் விளக்கத்தின் கடைசி வரியில் இருக்கும். தொகை நேரடியாக எழுதப்பட்டிருக்கிறதா, ஏதாவது ஓர் அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கிறதா என்பது அடுத்தது. நேரடித் தொகை என்றால் இன்னும் பத்து வருடத்தில் இதே கேள்வி உங்கள் முன் திரும்ப வரும். அப்புறம் வாக்குச்சீட்டில் இல்லாததையும் தேடுங்கள்: தினப்படியை யார் நிர்ணயிக்கிறார்கள், ஓய்வூதியம் உண்டா, உண்டென்றால் எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள், வெளி வருமானத்துக்கு வரம்பு இருக்கிறதா. நியூயார்க்கில் 2023இல் சம்பளத்தை 1,42,000 டாலராக உயர்த்திய சட்டத்திலேயே வெளி வருமானத்துக்கு 35,000 டாலர் உச்சவரம்பையும் எழுதினார்கள்.

கடைசியாக, உங்கள் தொகுதியில் சென்ற முறை போட்டியிட்டவர்கள் என்ன வேலை பார்க்கிறவர்கள் என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். பிறகு ஆதரவோ எதிர்ப்போ, உங்கள் விருப்பம்.